கம்பளி மிதிப்பு ஆலைகள்: வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. எண்ணெய்ப் பிசுக்கோடு, பாவும் ஊடும் தனித்தனியாகத் தெரிய, சல்லடை போலத் தளர்ந்து கிடக்கும். அதை நனைத்து, மணிக்கணக்கில் மிதித்தும் அடித்தும் சுருக்கிய பிறகே குளிரையும் தூறலையும் தாங்கும் கெட்டித் துணி கிடைக்கும். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ஃபுல்லிங் என்று பெயர். நெடுங்காலம் மனிதக் கால்கள் செய்துவந்த இந்த வேலையை, நீர்ச்சக்கரம் தூக்கி விடும் மரச் சம்மட்டிகளிடம் ஒப்படைத்த இடம்தான் ஃபுல்லிங் மில். மிதிப்பு ஆலை என்று நான் எழுதிவருகிறேன்.

இந்த ஆலைகளைப் பற்றித் தமிழில் அபூர்வமாக எழுதப்படுவதை ஆசையோடு தேடிப் படிப்பவன் நான். அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளுக்கு ஒரே வேர் உண்டு என்பது என் எண்ணம். எழுதுபவரின் கண் சக்கரத்திலேயே நின்றுவிடுகிறது. உள்ளே தொட்டியில் புரளும் துணியை அவர் பார்ப்பதில்லை.

முதல் தவறு, இதை ‘சலவை ஆலை’ என்று மொழிபெயர்ப்பது. இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பது புரிகிறது. மல்கியா ஆகமத்தில் ஃபுல்லர், அதாவது இந்த வேலையைச் செய்பவர், பயன்படுத்தும் சவுக்காரத்தைப் பழைய தமிழ் வேதாகமம் ‘வண்ணாருடைய சவுக்காரம்’ என்றே சொல்கிறது. அந்த இடத்தில் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே பேச்சு அழுக்கு நீக்குவதைப் பற்றியது. ஆனால் இடைக்கால ஐரோப்பாவின் ஆலைக்கு அழுக்கு நீக்கம் பாதி வேலைதான். மறுபாதிதான் முக்கியம். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அசைவும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து, செதில்கள் கோத்துக்கொண்டு, திரும்பப் பிரியாதபடி இறுகிவிடும். கம்பளிச் சட்டையைத் தெரியாமல் வெந்நீரில் போட்டு அலசி, குழந்தைச் சட்டை அளவில் வெளியே எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அன்று விபத்தாக நடந்ததை ஆலைக்காரர் வேண்டுமென்றே, அளவு பார்த்துச் செய்தார். இங்கிலாந்தின் பிராட்கிளாத் துணி தறியில் மிக அகலமாக நெய்யப்பட்டு, ஆலையிலிருந்து ஏறக்குறையப் பாதி அகலத்துக்குச் சுருங்கி வெளிவந்தது. அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுத்தான் நெசவாளர் பாவு ஓட்டினார். பருத்தி இழையில் இந்தச் செதில்கள் இல்லை. ஆகவே நம் ஊர்ப் பருத்தித் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதை இதோடு ஒப்பிட்டு எழுதினால் வாசகர் தவறான இடத்துக்குப் போய்விடுவார்.

இதன் நிழலாகவே வரும் இன்னொரு பிழை, கம்பளித் துணி அனைத்தும் இந்த ஆலைக்கு வந்தது என்று எழுதுவது. நீள இழைகளைச் சீப்பால் சீவி, ஒரே திசையில் அடுக்கி, இறுக்கி நூற்று நெய்யும் வொர்ஸ்டட் துணிக்குக் கடும் மிதிப்பு வேண்டியதில்லை. அதன் நெசவு கண்ணுக்குத் தெரிவதே அதன் அழகு. குட்டை இழைகள் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும் நூலால் நெய்த துணிக்குத்தான் ஆலை உயிர் கொடுத்தது. அதனால், வொர்ஸ்டட்டுக்குப் பெயர் பெற்ற கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கைப் பற்றி எழுதும்போது அங்கே ஏன் மிதிப்பு ஆலைகள் பெருகவில்லை என்று கேட்டு, ஓடும் நீர் போதவில்லை என்று மட்டும் பதில் சொல்வது அரைப் பதில்தான்.

ரோமானியர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாம்பெயியில் ஸ்டெஃபனஸ் பட்டறை என்று இன்று காட்டப்படும் இடத்தில் தொட்டிகள் இருக்கின்றன. அங்கே ஆட்கள் தொட்டிக்குள் நின்று காலால் மிதித்தனர். அது பட்டறை, நீர்ச்சக்கர ஆலை அல்ல. சக்கரத்தால் ஓடிய மிதிப்பு ஆலை ரோமானியரிடம் இருந்ததற்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. ஐரோப்பிய ஆவணங்களில் இவை தலைகாட்டுவது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, இத்தாலியிலும் பிரான்சிலும். இங்கிலாந்தில் 1185இல் டெம்ப்ளர் வீரத்துறவியர் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது யார்க்‌ஷயரில் ஒன்றும் காட்ஸ்வோல்ட் மேட்டுப்பகுதியில் ஒன்றும் பதிவாயின. ‘1185இல் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதுபவர்கள் கணக்கெடுப்பையும் பிறப்பையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வரி கட்டவும் குத்தகை வாங்கவும் தொடங்கிய பிறகுதான் ஒரு பொருள் ஏட்டில் ஏறும்.

மாவாலையோடு குழப்புவது அதைவிடப் பெரிய பிழை. மிதிப்பு ஆலையில் அரவைக்கல் கிடையாது. சக்கரத்தின் அச்சுத்தண்டு சுற்றும்போது அதில் அடித்த முளைகள் சம்மட்டியின் வாலை அழுத்தித் தலையைத் தூக்கும். முளை நழுவியதும் சம்மட்டி தொட்டியில் உள்ள துணி மேல் விழும். சம்மட்டிகள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும், ஒன்று எழும்போது மற்றொன்று விழும். தொட்டியின் உட்புறம் வளைவாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் துணி கொஞ்சம் புரண்டு கொடுக்கும், அதனால் ஒரே இடம் அடிபட்டு நைந்துபோகாது. இந்த வளைவைச் செதுக்கிய தச்சரின் பெயர் நமக்குத் தெரியாது. எனக்கு இந்த ஆலையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். இவ்வளவு இருந்தும் ஆள் தேவைப்பட்டார். அவ்வப்போது துணியை வெளியே எடுத்து மடிப்பை நீவாவிட்டால் மடிப்பு அப்படியே இறுகிவிடும்.

மாவாலையோடு குழப்பும்போது எந்தக் கதை கெட்டுப்போகிறது என்பதற்கு இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் நல்ல சான்று. அந்த ஊரின் துறவி மடம், ஊரார் தங்கள் துணியை மடத்தின் ஆலையிலேயே கட்டணம் கொடுத்து மிதிக்க வேண்டும் என்றது. ஊராரோ வீட்டிலேயே காலால் மிதித்துக்கொண்டனர். 1274இல் தகராறு முற்றியது. அரசி எலினோர் அவ்வழியே வந்தபோது ஊரார் அவரிடம் முறையிட்டும் பார்த்தனர். வழக்கில் மடமே வென்றது. மாவு அரைப்பதிலும் இதே சண்டை நடந்தது. அடுத்த நூற்றாண்டில் மடத்தலைவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் வீடுகளில் இருந்த திரிகைகளைப் பறித்து, மடத்தின் கூடத்துக்குத் தளமாகப் பதித்தார். 1381 உழவர் கிளர்ச்சியில் மக்கள் அந்தத் தளத்தைப் பெயர்த்துக் கற்களை எடுத்துச் சென்றனர். இரண்டும் சேர்ந்தே சொல்ல வேண்டிய கதைகள். ஆனால் திரிகையைப் பெயர்த்த நிகழ்வைத் துணி ஆலைக் கலகம் என்று எழுதுவது பிழை. வீட்டில் மிதித்த காலைப் பறிமுதல் செய்ய முடியாது என்பதால்தான் மடம் துணியின் மேல் கை வைத்தது. அந்த வேறுபாட்டிலேயே கதையின் சுவை இருக்கிறது.

அடுத்தது, ‘13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி’. பொருளாதார வரலாற்றாசிரியர் எலினோரா காரஸ்-வில்சன் 1941இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். மிதிப்பு ஆலை வந்தது, அதற்கு வேகமாக ஓடும் ஓடை தேவைப்பட்டது, அதனால் துணித் தொழில் கிழக்கின் சமவெளி நகரங்களை விட்டு மேற்கிலும் வடக்கிலும் உள்ள மலைச்சரிவுக் கிராமங்களுக்கு நகர்ந்தது என்றார். எடுப்பான வாதம். ஓர் ஆலை ஒரு நாட்டின் வரைபடத்தையே மாற்றியது என்று படிக்கும்போது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அதை முடிந்த முடிவாக எழுதக் கூடாது. மிதிப்பு, ஒரு துணியின் மொத்தச் செலவில் சிறு பங்குதான். நூற்பும் நெசவும்தான் கூலியைத் தின்றன. அந்தச் சிறு பங்கை மிச்சப்படுத்த ஒரு தொழில் முழுவதும் இடம்பெயருமா என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் கேட்டது நியாயம். இன்றைய பெல்ஜியத்தைச் சார்ந்த ஃபிளாண்டர்ஸ் பகுதித் துணியின் போட்டி, நகரக் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாடு, கிராமத்தின் மலிவான கூலி ஆகியவையும் இருந்தன. பல ஆலைகளைக் கட்டியவர்கள் தொழில் முனைவோர் அல்லர், குத்தகை வருமானம் தேடிய நிலப்பிரபுக்களும் மடங்களுமே.

ஆலை வந்ததும் கால்கள் ஓய்ந்துவிட்டன என்பதும் சரியல்ல. ஃபிளாண்டர்ஸ் நகரங்கள் தங்கள் உயர்தரத் துணியை நெடுங்காலம் காலாலேயே மிதித்தன. ஒரு துணிக்கு இரண்டு மூன்று ஆட்கள், மூன்று முதல் ஐந்து நாட்கள். சம்மட்டி அடி மென்கம்பளியைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது, பெயரும் விலையும் போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்திருந்தது. லண்டனில் 1298இல் துணிகளை ஊருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலைகளுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்த முயன்றனர். 1480களின் தொடக்கத்தில்கூடத் தொப்பிகளை ஆலையில் மிதிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இவற்றை ‘அறியாமையால் இயந்திரத்தை எதிர்த்தவர்கள்’ என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. கையிலிருந்த வேலையின் தரத்தை அறிந்தவர்கள் அவர்கள்.

கம்பளியை மூத்திரத்தில் ஊறவைத்து மிதித்தார்கள் என்ற கதைக்கு வருகிறேன். புளித்த மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது. அது கம்பளியின் கொழுப்பைக் கரைக்கும். வீடுகளிலிருந்து அதைச் சேகரித்தது உண்மை. ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அதற்கு வரி போட்ட கதையும் எல்லாக் கட்டுரைகளிலும் வந்துவிடுகிறது. அருவருப்பைச் சுவையாகச் சொல்லும் ஆர்வத்தில் களிமண்ணை விட்டுவிடுகிறார்கள். கொழுப்பை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. ஃபுல்லர்ஸ் எர்த் என்ற அதன் ஆங்கிலப் பெயரிலேயே தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் சர்ரேயின் நட்ஃபீல்டு அதற்குப் பெயர் பெற்ற இடம். அழகு நிலையங்களில் முகத்தில் பூசும் முல்தானி மட்டியும் இதே இனம்தான். ஆனால் இதை உவர்மண் என்று மொழிபெயர்க்காதீர்கள். நம் ஊரில் துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு, அது எண்ணெயோடு வினைபுரிந்து கழுவும். ஆலைக் களிமண் எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். கொழுப்பு போன பிறகு, சுருக்கி இறுக்கும் கட்டத்தில் சோப்பு வந்தது.

மிதிப்பு ஆலையோடு கிக் மில்லையும் குழப்பக் கூடாது. ஒருவகைச் செடியின் முள்தலை கொண்டு துணியின் மேற்புற மயிரை எழுப்பும் அது வேறு இயந்திரம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சட்டம் தடை செய்தது அதைத்தான், மிதிப்பு ஆலையை அல்ல.

பெயர்களை வைத்து எழுதும்போதும் கவனம் தேவை. இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர் என இந்தத் தொழிலாளிக்கு மூன்று பெயர்கள். மூன்றும் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. வாக்கர் என்றால் மிதிப்பவர். அது ஆலைக்கு முந்தைய காலைச் சொல்கிறது, ஆகவே ஓர் ஊரில் வாக்கர்கள் இருந்ததை வைத்து அங்கே ஆலை இருந்தது என்று முடிவு கட்ட முடியாது. ஊர்ப் பெயர் அதைவிட நம்பகமானது. வேல்ஸ் மொழியில் பாண்டி என்றால் மிதிப்பு ஆலை. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் உலகம் அறிந்த டோனிபாண்டி, நிலக்கரி தோண்டப்படுவதற்கு முன்பு ஓடையோரம் கம்பளி அடித்த இடம்.

இந்த ஆலைகளின் கடைசிக் காலத்தைப் பற்றிய தவறும் உண்டு. மில் என்ற சொல்லைக் கேட்டதும் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் தொழிற்சாலையை நினைத்துக்கொள்கிறோம். யார்க்‌ஷயரில் நெசவாளர் வீட்டில் நெய்த துணியைத் தோளில் சுமந்துவந்து, கூலி கொடுத்து மிதித்து, திரும்ப எடுத்துப்போய், வெளியில் மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைத்தார். நூற்பும் நெசவும் வீட்டில் இருக்க, மிதிப்பு மட்டும் பல நூற்றாண்டுகள் இயந்திரத்தில் நடந்தது. 1833இல் டிரௌபிரிட்ஜ் ஊர் ஜான் டையர் உருளைகளுக்கிடையே துணியை நெருக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதோடு சம்மட்டிகள் மறைந்துவிடவில்லை. லங்காஷயரின் ஹெல்ம்ஷோரில் 1789இல் கட்டிய ஆலையில் அவற்றை இன்றும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் 20ஆம் நூற்றாண்டிலும் பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளியைக் கையால் அடித்து அடித்துச் சுற்றிலும் தள்ளினார்கள். ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அடி தப்பாமல் இருக்கப் பாட்டு, துணி இறுகும்வரை அடி.