இமேஜை இழுப்பது பாட் அல்ல, நோட்

ஒரு சனிக்கிழமை காலை, தேக்காவில் தோசைக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் அலர்ட். எங்கள் மென்பொருள் குபர்நெட்டிஸில், அதாவது கன்டெய்னர்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பில், ஓடுகிறது. அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோட்; அதன் மேல் ஓடும் கன்டெய்னர் கட்டு ஒரு பாட். சுமைக்கேற்ப நோடுகளைக் கூட்டும் ஆட்டோஸ்கேலர் புதிதாகச் சேர்த்த நோடில் மட்டும் பாட்கள் எழவில்லை. ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ என்று நின்றன; இமேஜை, அதாவது கன்டெய்னரை உருவாக்கும் மென்பொருள் பொதியை, இழுக்க முடியவில்லை என்று பொருள். முதல் நாள் மாலை எல்லாம் நன்றாகத்தான் ஓடியது.

தப்பு என்னுடையது. இமேஜ்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியான அமேசான் இசிஆரின் டோக்கனை (தற்காலிக நுழைவுச்சீட்டு) எடுத்து குபர்நெட்டிஸ் சீக்ரெட்டில் (ரகசியங்களை வைக்கும் இடம்) போட்டு வைத்திருந்தேன். அதன் ஆயுள் 12 மணி நேரம். பழைய நோடுகளில் இமேஜ் ஏற்கெனவே இறங்கியிருந்ததால் டோக்கன் காலாவதியானது யாருக்கும் தெரியவில்லை. நோடின் ஐஏஎம் ரோலுக்கு (அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் அதன் அடையாளம்) ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும் அனுமதி தந்திருந்தால் சீக்ரெட்டே வேண்டாம்; பாட்களை எழுப்ப அந்த நோடில் ஓடும் கியூப்லெட் என்ற நிரல் தானே புது டோக்கன் வாங்கிக்கொள்ளும்.

சரி, இப்படி சீக்ரெட்டை விட்டு கிளவுட் அடையாளத்துக்கு மாறியவர்கள் அடுத்து வழுக்குவது, அனுமதியை யாருக்குக் கொடுப்பது என்பதில். பாடின் சர்வீஸ் அக்கவுண்டில் (பாடின் அடையாளம்) ரோலை மாட்டிவிட்டு ‘ஏன் இழுக்கவில்லை?’ என்று விழிப்பார்கள். டுவாஸ் கிடங்கு வாசலில் லாரி ஓட்டுநரின் பாஸைத்தான் பார்ப்பார்கள், சரக்குக்காக வீட்டில் காத்திருப்பவருடையதை அல்ல. இமேஜ் வந்த பிறகுதானே கன்டெய்னர் பிறக்கும்! மைக்ரோசாஃப்டின் அஷுரில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்: கிளஸ்டருக்கு (நோடுகளின் மொத்தத் தொகுப்பு) ஓர் அடையாளம், கியூப்லெட்டுக்கு இன்னொன்று. அஷுர் ரெஜிஸ்ட்ரியிலிருந்து இமேஜ் இழுக்க விடும் ‘ஏசிஆர்புல்’ ரோல் இரண்டாவதற்குத்தான் போக வேண்டும். கூகுள் கிளவுடில் நோடின் சர்வீஸ் அக்கவுண்டுக்கு ஆர்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரி ரீடர் (அங்குள்ள ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும்) ரோல். பாடின் அடையாளத்தை வைத்தே இழுக்கும் வழியும் வருகிறது, குபர்நெட்டிஸ் 1.34இல் அது பீட்டா நிலைக்கு வந்தது. அது கைக்கு வரும்வரை நோடுதான்.

அவசரத்தில் நோடுக்கு ரெஜிஸ்ட்ரியில் எழுதும் அனுமதியும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒரு நோட் பறிபோனால், பறித்தவர் உங்கள் இமேஜையே மாற்றிவிடலாம்.

அப்புறம், ரெஜிஸ்ட்ரி வேறு ஏடபிள்யூஎஸ் கணக்கில் இருந்தால் நோடின் ரோல் மட்டும் போதாது. ரெஜிஸ்ட்ரி பக்கத்து அனுமதி விதியான ரெப்போசிட்டரி பாலிசியிலும் இடம் கொடுக்க வேண்டும்.

பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். 401, 403 (ரெஜிஸ்ட்ரி மறுக்கும் குறியீடுகள்) என்றால் அனுமதிப் பக்கம் பார்க்கலாம். டைம்அவுட் என்றால் ரோலை நோண்டிப் பயனில்லை, அது நெட்வொர்க். இணையத்துக்கு வழியில்லாத தனி சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) இசிஆருக்கான இரண்டு எண்ட்பாயின்ட்களை (உள்வழி இணைப்புகள்) போட்டுவிட்டு, அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3க்கானதை மறப்பது வழக்கம். இமேஜின் அடுக்குகளான லேயர்கள் எஸ்3இலிருந்துதான் இறங்குகின்றன. அதனால் லாகின் வெற்றி, பதிவிறக்கம் மட்டும் தொங்கும்.

மாற்றம் செய்தபின் பழைய நோடில் சோதித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். புது நோட் ஒன்றை எழுப்பி, அதில் பாட் ஏறுகிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் கட்டாயம்.