மகனின் பேஸ்பால் ரேங்கைப் படிப்பது எப்படி: ஒரு கேட்சரின் அம்மா எழுதுவது

என் மகனுக்கு 12 வயதில், ஒரு தரவரிசைப் பட்டியலில் டெக்சாஸ் கேட்சர்கள் (மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்கள்) வரிசையில் பெயர் வந்தது. 14 வயதில் அந்தப் பெயரைக் காணோம். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பதினோராம் வகுப்பு. இடையில் நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை, டிராவல் பாலில், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடும் கிளப் அணிகளில், பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ரேங்க் எந்த வயதில் வந்தது என்று முதலில் பாருங்கள். சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் 12 வயதுப் பையனுக்குப் பேஸுக்குப் பேஸ் (ஓடித் தொட வேண்டிய முனைகளுக்கு இடையே) 60 அடி. உயர்நிலைப் பள்ளியில் 90 அடி. கேட்சர் இரண்டாவது பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் ஏறக்குறைய 85 அடியிலிருந்து 127 அடிக்குப் போய்விடுகிறது. பந்து வீசும் பிட்சருக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் இடையே 46 அடி இருந்தது 60 அடி 6 அங்குலம் ஆகிறது. மட்டையும் கனக்கும். மைதானம் வளர்ந்த வேகத்துக்கு என் மகனின் தோள் வளரவில்லை, அவ்வளவுதான் நடந்தது. சீக்கிரம் மீசை முளைத்த பிள்ளைகள்தான் அந்த வயதில் பெரும்பாலும் மேலே நிற்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய ரேங்கை நான் இப்போது திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் ஒரு மாணவனோடு சேர்க்கை பற்றிப் பேசவே, அவன் பதினோராம் வகுப்புக்குப் போகும் வருடம் ஆகஸ்ட் 1 ஆக வேண்டும். 2023இல் வந்த விதி இது. அந்தச் சமயத்தில் ரேங்குக்கு ஒரு வேலை உண்டு. பெரிய டோர்னமென்டில் ஒரே நேரத்தில் பல மைதானங்களில் ஆட்டம் நடக்கும். எதன் ஓரத்தில் போய் நிற்பது என்று முடிவுசெய்ய உதவிப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் பயன்படும். நின்ற பிறகு அவர் தன் கண்ணைத்தான் நம்புவார்.

ஆகவே ரேங்கின் எண்ணை விட்டு, அதன் கீழே இருக்கும் அளவுகளைப் படியுங்கள். கேட்சருக்குப் பாப் டைம்: பந்து கையுறையில் விழுந்த நொடியிலிருந்து இரண்டாவது பேஸில் இருப்பவர் கைக்குப் போய்ச் சேரும்வரை. 2.0 விநாடியை நெருங்கினால் பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்கும். மற்றவர்களுக்கு 60 கஜ ஓட்டம், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம். அளந்த தேதியையும் கவனியுங்கள். ஆறு மாதம் பழைய அளவு இந்த வயதில் வேறொரு பையனுடையது. பட்டியலில் பெயரே இல்லையென்றால், பணம் கட்டிப் போய்ப் பயிற்சியாளர்கள் முன் திறமையைக் காட்டும் ஷோகேஸ்களுக்கு அவன் போகாததுகூடக் காரணமாக இருக்கலாம்.

பிட்சர்களின் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ரேங்குக்காக ஒரே வார இறுதியில் இரண்டு முறை வீச விடாதீர்கள். பிள்ளைகளின் கையைக் காக்க வீச்சுக்கு வரம்பு சொல்லும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி 13, 14 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 66 பந்தைத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ரேங்க் உங்கள் பையனை அவன் வயதுக்காரர்களோடு மட்டும் ஒப்பிடுகிறது. பயிற்சியாளரோ அதே இடத்துக்கு டிரான்ஸ்பர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில்) இருக்கும் 21 வயதுக்காரரையும் பார்க்கிறார். கல்லூரி விளையாட்டின் இன்னொரு மட்டமான டிவிஷன் 3இல் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே பணம் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான். டிவிஷன் 1க்கும் 16 முக்கியப் பாடங்களில் குறைந்தது 2.3 ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும்.

மின்னஞ்சலைப் பையனே எழுதட்டும். தலைப்பில் பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம், உயரம், பாப் டைம், ஜிபிஏ. உள்ளே ஒரு நிமிட வீடியோ, கோடைகால ஆட்ட அட்டவணை. ரேங்க் இருந்தால் கடைசி வரியில் போதும். என் மகன் அதையும் எடுத்துவிட்டு அனுப்பினான். போன மாதம் ஒரு பயிற்சியாளரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: மதிப்பெண் பட்டியலை அனுப்பு, ஜூலையில் எந்த மைதானத்தில் ஆடுகிறாய்?