செமி-ஆக்டிவ் சஸ்பென்ஷன்: டேம்பர் வாங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்புல ஒரு சக்கரம் ஓட்டுங்க

செமி-ஆக்டிவ் சஸ்பென்ஷன்னு பசங்க ப்ராஜெக்ட் டைட்டில் கொடுத்துட்டு, மறுநாளே எம்ஆர் டேம்பர் (கரண்ட்ல டைட் மாத்துற ஷாக் அப்சார்பர்) எங்க கிடைக்கும் என்ன விலைன்னு தேட ஆரம்பிச்சுடறாங்க. அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரே ஒரு சக்கரத்தோட மாடலை பைத்தான்லயோ ஆக்டேவ்லயோ ஓட்டிப் பாருங்க, அங்க தப்பு பண்ணா காசு போகாது.

விஷயம் இதுதான். சாதா ஷாக் அப்சார்பரை ஒரு தடவை டைட்டா செட் பண்ணா எப்பவும் டைட்டுதான், லூஸ்னா எப்பவும் லூஸ்தான். செமி-ஆக்டிவ்ல அந்த டைட்டை ஓடும்போதே மாத்தலாம், வால்வு வச்சு மாத்துற டைப் இருக்கு, எம்ஆர்ல ஆயில்லயே பொடிப்பொடியா இரும்புத்தூள் கலந்திருக்கும், காயில்ல கரண்ட் விட்டா சில மில்லிசெகண்டுல கெட்டியாயிடும். 2002 மாடல் கேடிலாக் செவில்ல மேக்னரைடுன்னு வந்தது இந்த எம்ஆர் டைப்தான். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த டேம்பர் ஆட்டத்தை உறிஞ்சத்தான் செய்யும், தானா எதையும் தள்ளாது.

மாடலுக்கு பாடி 300 கிலோ, வீல் 40 கிலோ, ஸ்ப்ரிங் மீட்டருக்கு 18,000 நியூட்டன், டயர் 1,80,000, இப்படி எடுத்துக்கோங்க, ஒரு சின்ன காரோட ஒரு மூலைக்கு இது பொருந்தும். டேம்பர் லூஸ்ல 300, டைட்ல 3,000, அதாவது செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு இத்தனை நியூட்டன். டைம் ஸ்டெப் 1 மில்லிசெகண்ட், 10 எல்லாம் வேணாம், வீல் சைடு கணக்கு வெடிச்சுடும். கண்ட்ரோல் கோடைத் தொடுறதுக்கு முன்னாடி டேம்பரை 300லயே விட்டுட்டு பாடியை 5 சென்டிமீட்டர் அமுக்கி விடுங்க. அஞ்சு செகண்டுல கிட்டத்தட்ட ஆறு ஆட்டம் வரணும், அதாவது 1.2 ஹெர்ட்ஸ். வீல் சைடுல 11 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு ஆட்டம் தெரியும். வரலைன்னா ஈக்வேஷன்ல எங்கயோ ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கு, அதை சரி பண்ணாம மேல போகாதீங்க.

இப்போ ஸ்கைஹுக். 1974ல கார்னாப், கிராஸ்பி, ஹார்வுட் மூணு பேரும் எழுதின ஐடியா: பாடியை வானத்துல ஒரு கொக்கியில மாட்டி, அங்கேருந்து ஒரு டேம்பர் இழுத்துப் பிடிக்கிற மாதிரி நடிக்க வைக்கணும். கோடுல ஒரே வரிதான், பாடி வேகத்தையும், பாடி வேகத்துலேருந்து வீல் வேகத்தை கழிச்சு வர்றதையும் பெருக்குங்க, ப்ளஸ்னா டைட், மைனஸ்னா லூஸ். ஏன்னு கையில போட்டுப் பாருங்க. மேல்நோக்கி ப்ளஸ்னு வச்சுக்கோங்க. பாடி செகண்டுக்கு 0.2 மீட்டர்ல மேல போகுது, வீல் பள்ளத்துலேருந்து 0.5ல மேல ஏறுது, வித்தியாசம் மைனஸ் 0.3, பெருக்கினா மைனஸ் 0.06. இந்த நேரத்துல ஷாக் அமுங்கிட்டிருக்கு, டைட் பண்ணா ஏற்கனவே மேல போற பாடியை இன்னும் மேல தூக்கும், அதனால லூஸ். அதே பாடி மேல போகும்போது வீல் கீழ இறங்கினா ஷாக் நீளுது, இப்போ டைட் பண்ணா பாடியை கீழ இழுத்துப் பிடிக்கும், அதான் நமக்கு வேணும்.

ரோடுக்கு ஐஆர்சி 99ல (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட 1988 கைட்லைன்) சொன்ன ஸ்பீட் பிரேக்கரையே போடுங்க, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகம். ஏறி இறங்க 0.53 செகண்ட். நம்ம தெருவுல நைட்டோட நைட்டா போட்டுட்டு போற மேடு இதுல சேராது, அதுக்கு தனியா ஒண்ணு, குட்டையா செங்குத்தா.

ஓட்டினதும் பாடி ஆக்சிலரேஷன்ல ஊசி ஊசியா வரும், டைட்டுக்கும் லூஸுக்கும் டக்குனு மாறுறதால. அதுக்கு ஆன்-ஆஃபை விட்டுட்டு, ஸ்கைஹுக் டேம்பிங்கை (அந்த வானத்து டேம்பருக்கு நீங்க வைக்கிற மதிப்பு) பாடி வேகத்தால பெருக்கி அந்த வித்தியாச வேகத்தால வகுத்து, வர்றதை 300க்கும் 3,000க்கும் நடுவுல நிறுத்துங்க. வித்தியாசம் ஜீரோ கிட்ட வரும்போது வகுக்காம பார்த்துக்கோங்க.

உண்மையில கழுத்தை அறுக்கிறது சென்சார்தான். பாடி வேகத்தை நேரா அளக்க முடியாது, ஆக்சிலரோமீட்டரை இன்டக்ரேட் பண்ணித்தான் எடுக்கணும். நான் முதல் தடவை ஃபில்டர் போடாம விட்டுட்டேன், சென்சார் எப்பவும் 0.05 மீட்டர்/செகண்ட்² அதிகமா காட்டினாலே (ஆஃப்செட்) 20 செகண்டுல பாடி செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்துல மேல பறக்குதுன்னு கணக்கு சொல்லும், அப்புறம் அதோட சைன் மாறவே மாறாது, ஷாக் நீளும்போதெல்லாம் டைட், அமுங்கும்போதெல்லாம் லூஸ், ஸ்கைஹுக்கே அங்க இல்ல. ரெண்டு நாள் கோடைத் திட்டிட்டு அப்புறம்தான் பிளாட் போட்டுப் பார்த்தேன். 0.2 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதுக்கு கீழ மெதுவா மாறுறதை வெட்டிடும்) போட்டா போதும்.

கண்ட்ரோல் சொல்றதுக்கும் டேம்பர் மாறுறதுக்கும் நடுவுல டிலேவும் 10 மில்லிசெகண்ட் போட்டுப் பாருங்க. 1.2 ஹெர்ட்ஸ்ல அது 4 டிகிரிதான், கவலையில்ல. வீலோட 11 ஹெர்ட்ஸ்ல 40 டிகிரி, அங்கதான் கவலை. அதோட ஸ்கைஹுக் பாடியை மட்டும்தான் பார்க்கும், வீல் குதிக்கிறதைப் பத்தி அதுக்கு அக்கறையே கிடையாது, அதனால பாடி ஆக்சிலரேஷன் குறைஞ்சுதுன்னு மட்டும் ரிப்போர்ட்ல போடாதீங்க, டயர் எவ்ளோ அமுங்குதுன்னும் பக்கத்துலயே போடுங்க, வைவால முதல் கேள்வி அங்கேருந்துதான் வரும்.

இவ்ளோ ஆனப்புறம் டேம்பர் கைக்கு வந்தா, காருல மாட்டாம டெஸ்ட் ரிக்ல வச்சு ஒவ்வொரு கரண்டுக்கும் வேகம் எவ்ளோ, ஃபோர்ஸ் எவ்ளோன்னு ஒரு டேபிள் எடுங்க, 300, 3,000க்கு பதிலா மாடல்ல அந்த டேபிளைப் போட்டு திரும்ப ஓட்டுங்க.