ஊருணி சேத்துல பழைய தொழிற்சாலைப் புகையைத் தேடுறது எப்படி?

நிலக்கரியும் ஃபர்னஸ் ஆயிலும் பயங்கர சூட்டுல எரியறப்ப கண்ணுக்குத் தெரியாத கரி உருண்டைங்க புகையோட கிளம்பி, காத்துல ரொம்ப தூரம் போயி, ஏதோ ஒரு ஊருணில விழுந்து சேத்தோட சேத்தா படிஞ்சிரும். வெறகு எரிச்சா இந்த உருண்டை வராது, அதனாலதான் இதைத் தேடுறோம்.

முதல்ல ஊருணி. செட்டிநாட்டுல பாதி வேலை இதுதாங்க. தூர் வாரியிருந்தா பழைய அடுக்கெல்லாம் மண்ணோட போயிருக்கும், அதனால ஊர்ல ஆச்சிமாருகிட்ட, பெரியவங்ககிட்ட உக்காந்து கடைசியா எப்ப தூர் வாருனாங்க, எந்த வருஷம் வத்துச்சுன்னு கேட்டு எழுதிக்கங்க. வத்தி வெடிச்ச ஊருணின்னா மேல்மண்ணு வெடிப்புல இறங்கிக் கலந்திருக்கும், வேண்டாம். குடிக்கிற ஊருணில இறங்கவே கூடாது, குளிக்கிற ஊருணியா பாருங்க, பஞ்சாயத்துல சொல்லிட்டு, கூட ஒரு ஆளோட.

வரத்துக்கால் பக்கம் போகாம, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல ஒரு மீட்டர் பிவிசி பைப்பை நேரா அழுத்துங்க. மேல்வாயை இறுக்க மூடிட்டு மெதுவா தூக்கி, தண்ணிக்குள்ள வச்சே அடிவாயையும் மூடிருங்க. படுக்க வைக்காதீங்க, அடுக்கு கலங்கிரும்.

வீட்டுல அடியில இருந்து கட்டையால தள்ளி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டா வெட்டி, கவர்ல போட்டு ஆழத்தை எழுதுங்க.

அடுத்து லேப். நைட்ரிக் ஆசிட்ல மக்குன எலை தழையெல்லாம் கரையும், மணலைக் கரைக்கற ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் உயிருக்கே ஆபத்து, அதைப் பழக்கமானவங்க மட்டும் தொடட்டும். மிச்சத்தை ஸ்லைடுல வச்சு 400 மடங்கு மைக்ரோஸ்கோப்ல பாருங்க. கன்னங்கரேல்னு, உருண்டையா, ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தா அதுதான், ஒவ்வொரு துண்டுலயும் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. நம்ம பக்கம் சீமைக்கருவேல கரிமூட்டம் நெறைய, அந்தக் கரி நீளமா, முனை கூரா, மரத்தோட செல் தெரியற மாதிரி இருக்கும், அதை எண்ணிராதீங்க. காந்தம் வச்சுப் பாக்கலாம்னு தோணும், செம்மண்ணுலயே இரும்பு இருக்கறதால அது ஏமாத்திரும்.

அடுக்கோட வயசுக்கு ஈயம்-210-ங்கிற கதிரியக்க ஈயத்தைப் பாக்கணும், அது 22 வருஷத்துக்கு ஒருதடவை பாதியாகும், மிச்சம் எவ்வளவுன்னு வச்சு வயசைக் கணக்குப் போடலாம். சீசியம்-137-ங்கிற இன்னொரு கதிரியக்கப் பொருள் உச்சத்துல இருக்கற அடுக்கு 1963 வாக்குல படிஞ்சது, அணுகுண்டு சோதனைங்களால. நெய்வேலி அனல் மின் நிலையம் 1962-ல, தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979-ல கரண்ட் உற்பத்தி ஆரம்பிச்சது, உங்க எண்ணிக்கை எந்த ஆழத்துல ஏறுதுன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க, ஆனா உருண்டையை மட்டும் வச்சு எந்தப் புகைபோக்கின்னு சொல்லிராதீங்க.

எங்கயாவது தூர் வாரப் போறாங்கன்னு காதுல விழுந்தா, ஜேசிபி இறங்கறதுக்கு முன்னாடியே ஒரு பைப் எடுத்து வச்சிருங்க.