காப்பி சுமக்கும் ரோபோ: எல்லோரும் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு பள்ளிப் பையன் தன் சக்கர ரோபோவின் மேல் தட்டு ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தான். அதில் தண்ணீர் டம்ளர். ரோபோ நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே கூத்து. வயரை மாற்றிச் சொருகுவதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், விடுங்கள்.

சடாரென நிறுத்துவது

இதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. மோட்டாரை ஓட்டும் எல்298என் டிரைவர் போர்டில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎன்ஏ, இஎன்பி முனைகள் ஜம்பர் என்ற குட்டி இணைப்பு மூடி மாட்டியே வரும். அதைக் கழற்றாமல், நிறுத்துவதற்கு இன்புட் எல்லாவற்றையும் லோ (0 வோல்ட்) ஆக்கினால் மோட்டார் தளர்ந்து ஓயாது, பிரேக் பிடிக்கும். பந்தய ரோபோவுக்குச் சரி, காப்பிக்கு ஆகாது.

நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வருவது 0.1 நொடியில் நின்றால், காப்பியின் மேல்மட்டம் சுமார் 27 டிகிரி சாயப் பார்க்கும். 7 செ.மீ. அகல டம்ளரில் ஒரு பக்கம் சுமார் 1.8 செ.மீ. ஏறிவிடும். அதையே 1 நொடிக்கு இழுத்து நிறுத்தினால் 3 டிகிரிதான், 2 மி.மீ.கூட ஏறாது.

எனக்கு இது அக்காவின் வளைகாப்பில்தான் புரிந்தது. மாமா முன்னால் போய் ரோபோ நின்றது. பாதிக் காப்பி அவர் வேட்டியில், மீதி தட்டின் வயர் துளை வழியாக, ரோபோவின் மூளையான அர்டுயினோ ஊனோ போர்டில். சர்க்கரை போட்ட காப்பி. துடைத்துக் காயவைத்தும் போர்டு பிழைக்கவில்லை. "கையிலயே கொண்டு வாப்பா" என்று மாமா இன்றைக்கும் சொல்வார்.

ஜம்பர் இரண்டையும் கழற்றி, அந்த முனைகளை ஊனோவின் 5, 6 பின்களுக்குக் கொடுங்கள். வேகத்தைச் சொல்லும் அனலாக்ரைட் கட்டளையின் மதிப்பை 180-இலிருந்து ஒரே அடியில் 0 ஆக்காமல், 10 மில்லி நொடிக்கு 2 வீதம் இறக்குங்கள். கிளம்பும்போதும் அப்படியே ஏற்றுங்கள். ஒன்று, இப்படி நிற்கக் கால் மீட்டர் வரை ஓடும். அதனால் முன்னால் தடையைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் (ஒலியால் தூரம் அளக்கும்) சென்சாரின் நிறுத்தத் தூரத்தை 15 செ.மீ.யில் விடாமல் 40-க்கு ஏற்றிவிடுங்கள்.

9 வோல்ட் சதுர பேட்டரி

வேண்டாம். 18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போடுங்கள். டிரைவர் 2 வோல்ட் தின்றாலும் இந்த மாதிரி ரோபோக்களில் வரும் மஞ்சள் கியர் மோட்டாருக்கு மீதி போதும்.

தட்டின் உயரம்

உயரம் அழகுதான், கவிழ்ந்தபின் அழகில்லை. பேட்டரி அடியில் இருக்கட்டும்.

அல்ட்ராசோனிக்கை மட்டும் நம்புவது

சுவர் தெரியும். புடவை மடிப்பும் ஒல்லி நாற்காலிக் காலும் பல நேரம் தெரியாது. முன்னால் முட்டினால் அமுங்கும் பம்பர் ஸ்விட்ச் ஒன்று வைத்துவிடுங்கள்.

வயர் துளை

எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், போர்டுக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.