மலேரியா வந்த குழந்தைகளின் இரத்தத்தில் மரபணுச் செயல்பாட்டைப் படிப்பது எப்படி?

இரத்த ஆர்.என்.ஏ (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்) தரவோடு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு குழந்தைக்கும் வெள்ளையணு வகைவாரி எண்ணிக்கை கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஏறிய மரபணு, இறங்கிய மரபணு என்று பட்டியல் தயாராக இருக்கும். ஆனால் ஆய்வகப் படிவத்தில் கிடக்கும் அந்த நாலைந்து எண்களை யாரும் கணினியில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அதை வாங்கி வந்த பிறகுதான் உட்கார்ந்து பேசுவோம்.

காரணம் எளிய கணக்கு. சி.டி.3.டி என்பது டி செல்களுக்கே உரிய மரபணு; டி செல், லிம்போசைட் என்ற வெள்ளையணுவில் ஒரு வகை. நலமாக இருக்கும்போது ஒரு குழந்தையின் வெள்ளையணுக்களில் லிம்போசைட் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மலேரியாக் காய்ச்சலில் லிம்போசைட்டுகள் இரத்த ஓட்டத்திலிருந்து விலகுகின்றன, இன்னொரு வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில் பெருகுகிறது. லிம்போசைட் 20 சதவீதமாகிவிட்டது என்போம். மிஞ்சியிருக்கும் டி செல் ஒவ்வொன்றும் பழைய அளவு ஆர்.என்.ஏ-வைத்தான் தயாரிக்கிறது. ஆனாலும் மொத்தத்தில் சி.டி.3.டி-யின் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும். இதைப் பார்த்துவிட்டு ‘மலேரியா டி செல்லின் மரபணுவை அடக்குகிறது’ என்று எழுதினால் அது தவறு. எந்தச் செல்லும் அடங்கவில்லை, செல்களின் எண்ணிக்கைதான் மாறியிருக்கிறது. குழந்தைகளிடம் வயதும் சேர்ந்து குழப்பும். ஒரு வயதில் லிம்போசைட்தான் அதிகம். நாலைந்து வயதை ஒட்டி நியூட்ரோஃபில் அதை முந்தும். ஒரு குழுவில் கைக்குழந்தைகளும் இன்னொன்றில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தால், நோயே இல்லாமலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ‘மாறியதாக’த் தெரியும்.

அடுத்து, யாரை எந்தக் குழுவில் சேர்க்கிறீர்கள் என்று பாருங்கள். ‘கடும் மலேரியா’ ஒரே நோய் அல்ல. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5 கிராமுக்கு இறங்கிய குழந்தையும், நினைவு நிலையை அளக்கும் பிளாண்டயர் அளவுகோலில் 2-க்கு மேல் எழும்பாமல் நினைவிழந்து கிடக்கும் குழந்தையும், இரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சிரைக்கும் குழந்தையும் அந்தப் பெயரில் வருகிறார்கள். மூவரின் இரத்தமும் வேறு வேறு. மலாவியில் மூளை மலேரியா என்று கருதப்பட்டு இறந்த குழந்தைகளின் உடற்கூறாய்வு முடிவுகள் 2004-ல் வெளிவந்தன. ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தையின் மரணத்துக்குக் காரணம் வேறாக இருந்தது. ஒட்டுண்ணி இரத்தத்தில் இருந்தது, கொன்றது அதுவல்ல. விழித்திரையில் மலேரியாவுக்கே உரிய மாற்றங்கள் இருந்தனவா என்ற குறிப்பு கிடைத்தால் விடாதீர்கள். நோய் எது என்று பிரித்துக்காட்ட அதைவிட நல்ல அடையாளம் அந்த ஆய்வில் வேறு கிடைக்கவில்லை.

இரத்தம் எடுப்பதைப் பற்றி. ஆர்.என்.ஏ-வைக் காக்கும் திரவம் கொண்ட பாக்ஸ்ஜீன் குழாய்க்கு 2.5 மில்லிலிட்டர் வேண்டும். கடும் இரத்தசோகையோடு வந்திருக்கும் பத்து கிலோக் குழந்தையிடம் அதுவும் பெரிய கேள்விதான். சிகிச்சைக்கான பரிசோதனைகளுக்கு எடுக்கும் அதே ஊசியில், இரத்தம் ஏற்றுவதற்கு முன், பெற்றோர் சம்மதத்தோடு எடுக்க வேண்டும். நம் ஆய்வுக்காக மருந்து ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது. குழாயை எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். உள்ளே இருக்கும் திரவம் செல்களை உடைத்து ஆர்.என்.ஏ-வை அப்போதைய நிலையிலேயே நிறுத்திவிடும். சாதாரணக் குழாயில் மேசைமேல் விட்டால் வெள்ளையணுக்கள் உயிரோடு இருந்து அந்தச் சூழலுக்கே எதிர்வினை காட்டும்; நீங்கள் அளப்பது மேசையை, குழந்தையை அல்ல. எடுத்த நேரம், முதல் மருந்து கொடுத்த நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள்.

குளோபின் (சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்கும் புரதம்) ஆர்.என்.ஏ-வை நீக்கும் படியைத் தவிர்க்காதீர்கள். முழு இரத்தத்தில் ஆர்.என்.ஏ-வின் பாதிக்கு மேல் குளோபின் மரபணுக்களிலிருந்தே வரக்கூடும். நீக்காவிட்டால் ஆர்.என்.ஏ-வின் எழுத்து வரிசையைப் படிக்கச் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். சோகையிலிருந்து மீளும் குழந்தையிடம் இளம் சிவப்பணுக்கள் பெருகுவதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

படித்து வந்த வரிசைத் துண்டுகள் எந்த மரபணுவைச் சேர்ந்தவை என்று பொருத்தும்போது மனித மரபணுத்தொகுதியையும், மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் 3டி7 என்ற மேற்கோள் வகையின் தொகுதியையும் ஒன்றாக இணைத்து ஒரே தடவையில் பொருத்துங்கள். ஒட்டுண்ணியின் தொகுதி சிறியது: 14 குரோமோசோம்கள், 2.3 கோடி எழுத்துகள், அவற்றில் 80 சதவீதம் ஏ-யும் டி-யும்தான். இரண்டு வேலைகள் இதில் நடக்கும். ஒன்று, ஒட்டுண்ணி தன் பக்கம் என்ன செய்கிறது என்று தெரியும். இரண்டாவது, ‘நலமான’ குழந்தைகளிடமும் ஒட்டுண்ணித் துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். மலேரியா பரவலாக உள்ள ஊர்களில் காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமக்கும் பிள்ளைகள் ஏராளம்; அவர்களை ஒப்பீட்டுக் குழுவில் தெரியாமல் வைத்திருப்பீர்கள். ஒட்டுண்ணி மரபணுக்களைக் குழந்தைக்குக் குழந்தை ஒப்பிடும்போது ஒட்டுண்ணியின் வயதைக் கவனியுங்கள். அது 48 மணி நேரச் சுழற்சியில் வளர்கிறது. இளம் வளைய நிலைதான் பெரும்பாலும் ஓடும் இரத்தத்தில் இருக்கும், முதிர்ந்தவை நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேர வயது வித்தியாசமே பெரிய மரபணு வித்தியாசமாகத் தெரியும். சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டுண்ணி காட்டும் புரதங்களுக்கான ஏறத்தாழ 60 ‘வார்’ மரபணுக்களை 3டி7-ஐ வைத்து அளக்க முயல வேண்டாம். ஒவ்வொரு ஒட்டுண்ணி வகையிலும் அவை வேறு.

ஒவ்வொரு மரபணுவிலும் எத்தனை துண்டுகள் பொருந்தின என்ற எண்ணிக்கை அட்டவணை வந்ததும் நான் முதலில் வரைவது இரண்டே மரபணுக்களை: ஒரு அச்சில் பெண்களிடம் செயல்படும் எக்ஸிஸ்ட், மற்றதில் ஒய் குரோமோசோமில் உள்ள ஆர்.பி.எஸ்.4.ஒய்.1. பெண் குழந்தைகள் ஒரு மூலையிலும் ஆண் குழந்தைகள் எதிர்மூலையிலும் தனித்தனிக் கூட்டமாக விழ வேண்டும். படிவத்தில் பெண் என்றிருக்கும் புள்ளி ஆண் கூட்டத்தில் கிடந்தால் குழாய் மாறியிருக்கிறது. நடுவில் தொங்கினால் இரண்டு பேரின் மாதிரி கலந்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத தரவை நான் நம்புவதில்லை.

குழுக்களை ஒப்பிட டிஈசெக்2 என்ற புள்ளியியல் மென்பொருள் போதும். அதற்குத் திருத்தாத எண்ணிக்கைகளையே கொடுங்கள். வயது, பால், மாதிரி பதப்படுத்திய தொகுதி ஆகியவற்றோடு நியூட்ரோஃபில், லிம்போசைட், மோனோசைட் விகிதங்களையும் புள்ளியியல் சமன்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காமலும் ஒரு முறை ஓட்டுங்கள், இரண்டையும் வெளியிடுங்கள். நியூட்ரோஃபில் பெருகுவதே நோயின் ஒரு பகுதி என்பதால், திருத்தம் உண்மையான சேதியையும் கொஞ்சம் துடைத்துவிடக்கூடும். காம்பியக் குழந்தைகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் எம்.எம்.பி.8 போன்ற, நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் நுண்மணிகளின் புரதங்களுக்கான மரபணுக்கள் கடும் மலேரியாவில் உயர்ந்தே நின்றன. திருத்தியும் கரையாத அத்தகைய முடிவைத்தான் தேட வேண்டும்.

ஒட்டுண்ணிச் சுமையையும் (உடலில் எவ்வளவு ஒட்டுண்ணி இருக்கிறது என்பதை) இதே போலச் சேர்த்துப் பாருங்கள். கடுமையாக நோயுற்ற குழந்தைக்குப் பொதுவாகச் சுமையும் அதிகம், ஆகவே நீங்கள் காணும் மரபணு மாற்றத்தில் ஒரு பங்கு வெறும் சுமையின் விளைவாக இருக்கலாம். நுண்ணோக்கி எண்ணிக்கை போதாது. சுவரில் ஒட்டியிருப்பது கண்ணாடித் தகட்டுக்கு வராது. பிளாஸ்மாவில், ஒட்டுண்ணி வெளியிடும் எச்.ஆர்.பி.2 புரதத்தை அளந்தால் உடலில் உள்ள மொத்தச் சுமையை மதிப்பிடலாம். அதைச் சேர்த்த பின் எந்த மரபணுக்கள் கரைகின்றன, எவை நிற்கின்றன என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் பட்டியலின் முதல் இருபது மரபணுக்களை, ஒரு குழந்தைக்கு ஒரு புள்ளியாக, நீங்களே வரைந்து பாருங்கள். ஒன்றிரண்டு குழந்தைகள் மட்டும் உச்சியில் நின்று முழுச் சராசரியையும் இழுத்திருந்தால், அந்த மரபணுவைப் பற்றி எழுதும் முன் அந்தக் குழந்தைகளின் படிவங்களை எடுத்துப் படியுங்கள்: வேறு கிருமித் தொற்று இருந்ததா, இரத்தம் ஏற்றிய பிறகா மாதிரி எடுத்தார்கள், என்ன மருந்து முன்பே கொடுத்திருந்தார்கள். தரவைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றும்போது வெள்ளையணு விகிதங்களையும் எச்.ஆர்.பி.2 அளவையும் அதே கோப்பில், குழந்தையை அடையாளம் காட்டாத எண்ணோடு சேர்த்து ஏற்றுங்கள்.