சொத்தைக் கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள்

சித்தூர், குப்பம் வட்டாரங்களில் மானாவாரி நிலக்கடலை பிடுங்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருவதால், களத்தில் கிடக்கும் காய் உலர்வதற்குள் நனைந்துவிடுகிறது. அந்த ஈரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. காய் முற்றும் தறுவாயில் வறட்சி தாக்கியிருந்தால், மண்ணுக்குள் இருக்கும்போதே இது தொடங்கிவிடும்.

வறுத்தால் பூஞ்சணம் சாகும். ஆனால் நஞ்சு முழுவதும் அழிவதில்லை. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் இது கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்காகும். 1974ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் 100க்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலை கண்டு இறந்தனர்.

ஆகவே, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு மூட்டையில் சில பருப்புகளிலேயே மிகுதியாகச் சேர்ந்திருக்கும் என்பதால், கையால் பொறுக்குவது உண்மையிலேயே பயன் தரும். முறத்தில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில், சூம்பியவை, நிறம் மாறியவை, பூச்சி அரித்தவை, உடைந்தவை ஆகியவற்றை நீக்குங்கள். வெளியே நன்றாகத் தோன்றுவனவற்றிலும் சிலவற்றைப் பிளந்து பாருங்கள். இரு பாதிகளுக்கும் நடுவே மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்திருந்தால், அந்தக் குவியலையே ஒதுக்குவது நல்லது. மெல்லும்போது கசந்தால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பொறுக்கிய சொத்தையை எண்ணெய்க்கு ஆகும் என்று செக்குக்கு அனுப்புவதுதான் மிகவும் கவலை தரும் வழக்கம். சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்த்து வெளுக்கும்போது நஞ்சு பெரிதும் நீங்கிவிடும்; செக்கெண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. பிண்ணாக்கிலோ நஞ்சு இன்னும் மிகுதி. அதைத் தின்னும் பசுவின் பாலிலும் நஞ்சின் மாற்றுருவம் கலந்து, மீண்டும் நம் வீட்டுக் குழந்தையிடமே வருகிறது. சொத்தையை மாட்டுக்கும் கோழிக்கும் போடாமல், மூக்கை மூடிக்கொண்டு குழியில் புதைத்துவிடுங்கள்.

சேமிக்கும் காய், குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கும் அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். களத்தில் மெல்லியதாகப் பரப்பி, இரவுப் பனி இறங்குமுன் மூடுங்கள். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். இயந்திரத்தில் பருப்பு உடையாமலிருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளித்து உடைக்கும் பழக்கம் சந்தைகளில் உண்டு. வீட்டுத் தேவைக்கு உலர்ந்த காயாகவே வைத்து, வேண்டும்போது உடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வாங்குவோர், செக்கில் கொட்டும் முன் பருப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்கலாம்.